கற்பூர மரம் எந்த மரம்? ஏழு ஆன்டாலஜிகளுக்கு ஒரு பதிவேடு அமைத்த அனுபவம்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு எதிரே நிற்பது கற்பூர மரம். நீலகிரியில் யாரைக் கேட்டாலும் யூகலிப்டஸைத்தான் அப்படிச் சொல்வார்கள். மலை இறங்கி மேட்டுப்பாளையம் போனால் அதே மரம் தைலமரம் ஆகிவிடும். கீழே கற்பூர மரம் என்றால் கற்பூரம் வடிக்கிற வேறொரு மரம், லவங்கப்பட்டை மரத்துக்குப் பங்காளி. இந்த ஒரு பெயர்தான் எங்கள் வேலையை முதல் வாரத்திலேயே நிறுத்தி வைத்தது.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் நான்கு சிறு குழுக்கள் தனித்தனியாக ஆன்டாலஜி எழுதி வைத்திருந்தன. நாட்டு மர நாற்றங்கால் நடத்துபவர்கள், ஒரு தாவரவியல் ஆசிரியரும் அவருடைய மாணவர்களும், தேன் எடுக்கும் குடும்பங்களோடு வேலை செய்பவர்கள், சிறு தேயிலை விவசாயிகள் குழு. எல்லாம் சேர்த்து ஏழு கோப்புகள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. ‘சோலை’ என்ற ஒரு கருத்தை மட்டும் மூன்று இடத்தில் மூன்று விதமாக வரையறுத்திருந்தார்கள். ஏழையும் ஒரே பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஒவ்வொன்றைப் பற்றியும் என்னென்ன விவரம் எழுதி வைக்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். அதாவது மெட்டாடேட்டா தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஆன்டாலஜி என்பது ஒரு துறையில் என்னென்ன பொருள்கள் உண்டு, அவற்றுக்குள் என்ன உறவு என்று கணினி தர்க்கம் செய்யும்படி எழுதி வைப்பது. ‘வாட்டில் ஓர் அயல் மரம்’, ‘அயல் மரம் எதுவும் சோலை மரம் ஆகாது’ என்று இரண்டு வரி எழுதிவிட்டால் போதும். நாளைக்கு யாராவது வாட்டிலைச் சோலை மரப் பட்டியலில் சேர்த்தால் கணினியே முரண் என்று சொல்லிவிடும். வெறும் பெயர்ப் பட்டியலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

முதல் வாரம் நாற்றங்கால் கோப்பையும் தாவரவியல் கோப்பையும் சேர்த்துப் பார்த்தோம். ஒரே பெயர் உள்ள வகுப்புகளை, அதாவது பொருள் வகைகளை, ஒரு ஸ்கிரிப்ட் தேடி எடுத்து, இரண்டும் சமம் என்று எழுதிக்கொண்டே போனது. பிறகு ப்ரோட்டஜே என்ற ஆன்டாலஜி எழுதும் மென்பொருளில், முரண் இருக்கிறதா என்று தர்க்கம் செய்து பார்க்கும் ஹெர்மிட் ரீசனரை ஓடவிட்டேன். ‘கற்பூர மரம்’ சிவப்பாகி, ‘நத்திங்’ என்ற வெற்று வகுப்புக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. அப்படி ஒரு மரம் உலகத்தில் இருக்கவே முடியாது என்று அர்த்தம். நாற்றங்கால் கோப்பில் அது யூகலிப்டஸ், மிர்ட்டேசி குடும்பம். மாணவர்கள் எழுதிய கோப்பில் அது சமவெளிக் கற்பூர மரம், லாரேசி குடும்பம். இரண்டு குடும்பங்களுக்கும் பொதுவான செடி கிடையாது என்றும் எழுதியிருந்தது. ரீசனர் சொன்னது சரிதான்.

இரண்டு கோப்புகளிலும் தப்பு இல்லை. இது எந்த ஊர்ப் பேச்சை வைத்து எழுதியது என்ற ஒரு வரி, கோப்பைத் திறக்காமலேயே படிக்கும்படி எங்கும் இல்லை, அவ்வளவுதான். அன்றைக்கே எனக்கு ஒன்று தெளிவானது. இந்தப் பதிவேடு முதலில் சொல்ல வேண்டியது கோப்பின் எல்லையை.

எக்செல்லில் தொடங்கியது

தரம் எல்லாம் எதற்கு, நம் ஏழு கோப்புக்கு ஓர் எக்செல் தாள் போதும் என்று ஆரம்பித்தேன். ‘தேதி’ என்று ஒரு கட்டம் வைத்து எல்லோருக்கும் அனுப்பினேன். நாற்றங்கால் அக்கா எழுதியது கோப்பைத் தொடங்கிய நாள். ஆசிரியர் எழுதியது கடைசியாகத் திருத்திய நாள். தேயிலைக் குழு எழுதியது எனக்கு அனுப்பிய நாள். மூன்றும் சரியான தேதிகள், ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் முடியாது.

‘எழுதியவர்’ கட்டத்தில் இன்னும் சிக்கல். அக்கா போன் செய்தார்.

“தம்பி, கம்ப்யூட்டர்ல ஏத்தினது என் பொண்ணு. எந்த மரம் எதுன்னு பிரிச்சுச் சொன்னது நான். ஆனா பாதிப் பேரு அரக்கோடு பக்கத்துல இருக்கிற பாட்டி சொன்னது. இதுல யார் பேரை எழுதறது?”

“மூணு பேரையும் எழுதலாம்க்கா, ஆனா மூணு வேற வேற கட்டத்துல” என்று சொல்லிவிட்டு, என்னிடம் ஒரு கட்டம்தான் இருக்கிறது என்பதைப் பார்த்தேன்.

இந்தச் சிக்கலை முப்பது வருடத்துக்கு முன்பே ஒரு கூட்டம் உட்கார்ந்து யோசித்திருக்கிறது. 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டப்ளின் என்ற ஊரில் கூடியவர்கள் தொடங்கியதால் அதற்கு டப்ளின் கோர் என்று பெயர். பலர் அயர்லாந்து டப்ளின் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதன் அடிப்படைக் கூறுகள் 15. பிறகு அது ஐஎஸ்ஓ 15836 என்ற சர்வதேசத் தரமும் ஆனது. அந்தப் பதினைந்தில் தேதி ஒன்றே ஒன்றுதான், என் எக்செல் போலவே. அப்புறம் வந்த ‘டிசி டெர்ம்ஸ்’ தொகுப்பில் அதை உருவாக்கிய நாள், வெளியிட்ட நாள், திருத்திய நாள் என்று பிரித்தார்கள். ஆட்களிலும் உருவாக்கியவர், பங்களித்தவர், வெளியிட்டவர், உரிமை உடையவர் என்று நான்கு தனிப் புலங்கள் இருக்கின்றன. அக்கா கேட்ட கேள்விக்கு அப்படியே பொருந்தியது: மகளும் அக்காவும் உருவாக்கியவர்கள், பாட்டி பங்களித்தவர், நாற்றங்கால் வெளியிட்டவர்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, அதில் அரை நாள் போனது. பழைய பதினைந்திலும் ‘கிரியேட்டர்’ இருக்கிறது, டெர்ம்ஸிலும் ‘கிரியேட்டர்’ இருக்கிறது. பழையதில் வெறும் பெயரை எழுத்தாகப் போட்டுவிடலாம். புதியதில் ஓர் ஆளையோ அமைப்பையோ சுட்டும் இணைய முகவரி வர வேண்டும். ஏழு கோப்புகளில் மூன்று பழையதைப் பயன்படுத்தியிருந்தன, இரண்டு புதியதை எடுத்துக்கொண்டு அதில் எழுத்தைப் போட்டிருந்தன. தேடும்போது ஒன்றில் கிடைப்பது மற்றதில் கிடைக்காது. எல்லாவற்றையும் டெர்ம்ஸுக்கு மாற்றினோம். ஒவ்வொரு குழுவுக்கும் பதிவேட்டிலேயே ஓர் அடையாள முகவரி கொடுத்தோம். ஆசிரியரிடம் ஆய்வாளர்களுக்குத் தரும் ஆர்க்கிட் அடையாள எண் இருந்தது, அது நேராக உதவியது.

பெரிய தரங்கள்

எக்செல்லை மூடிவிட்டு எதிர்ப்பக்கம் போனேன். ஆன்டாலஜிகளுக்கென்றே செய்த முழுமையான தரம் ஒன்றை எடுத்து அப்படியே பின்பற்றலாம் என்று பார்த்தேன்.

ஐஎஸ்ஓ 11179 மெட்டாடேட்டா பதிவேடுகளுக்கான தரம்தான். ஆனால் அது தரவுக் கூறுகளை, அதாவது ‘பிறந்த தேதி’, ‘மாவட்டக் குறியீடு’ போன்ற தனித்தனிக் கட்டங்களைப் பதிவு செய்வதற்காக எழுந்தது. ஒரு முழு ஆன்டாலஜியைப் பதிய அதைப் பிடித்தால் வேலை பெருகும். ஓஎம்வி என்பது 2005 வாக்கில் ஆன்டாலஜிகளுக்காகவே உருவானது. எந்த மொழியில் எழுதியது, எவ்வளவு முறையாக வடித்தது, எந்த வேலைக்காக, எந்தக் கருவியால் என்றெல்லாம் புலங்கள் உண்டு. யோசனைகள் அருமையானவை. ஆனால் அதன்பின் வந்த டிகேட் (தரவுப் பட்டியல்களுக்கானது), ப்ரோவ் (எது எதிலிருந்து வந்தது என்று சொல்வதற்கானது) போன்ற பொதுத் தரங்களோடு சேர்த்து அது வளரவில்லை.

மாட் என்ற தரத்தைப் பார்த்தபோது கொஞ்சம் நெருக்கமாக உணர்ந்தேன். அது 2015இல் பெங்களூருவில், இந்தியப் புள்ளியியல் கழகத்தின் ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையத்தில் பிறந்தது. 1962இல் அந்த மையத்தைத் தொடங்கியவர் எஸ். ஆர். ரங்கநாதன், நம் சீர்காழிக்காரர். நூலகத்தில் ஒரு புத்தகத்தை எந்தெந்தக் கோணத்தில் பிரித்துப் பார்க்கலாம் என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த மனிதர். ஆன்டாலஜிக்கு விவரம் எழுதுவதும் அதே தொழிலின் தொடர்ச்சிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மாட் பிறகு பிரான்சில் வேளாண் ஆன்டாலஜிகளைத் தொகுக்கும் ஆக்ரோபோர்ட்டல் குழுவோடு சேர்ந்து வளர்ந்து, இப்போது டிகேட்டின் மேல் கட்டிய வடிவத்துக்கு வந்திருக்கிறது.

மாட் அகராதியிலிருந்து ஒரு படிவம் செய்து நான்கு குழுக்களுக்கும் அனுப்பினேன். இரண்டு வாரம் ஆகியும் ஒரு படிவமும் திரும்பி வரவில்லை. தேயிலைக் குழுவின் செயலாளரைச் சந்தையில் பார்த்துக் கேட்டேன். “சார், முதல் பக்கத்துல நாலாவது கேள்வியே புரியல. பச்சை இலை எடுக்கிற நேரம் வேற” என்றார். படிவத்தை எடுத்துப் பார்த்தேன். நாலாவது கேள்வி, எந்த ஆன்டாலஜிப் பொறியியல் முறையைப் பின்பற்றினீர்கள் என்பது. அவர்கள் கொப்புள நோய், சிவப்புச் சிலந்தி, எந்த மேட்டில் எப்போது வந்தது என்று எழுதி வைத்திருந்தார்கள். முறை என்று ஒன்றும் இல்லை, வேண்டியும் இருக்கவில்லை. தரத்தில் இருக்கிறது என்பதற்காக நான் கேட்டுவிட்டேன்.

நாட்காட்டியின் பின்பக்கம்

அடுத்த சனிக்கிழமை எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். வடகிழக்குப் பருவமழை, மதியத்துக்கே இருட்டிவிட்டது, கரண்டும் இல்லை. டீயும் வர்க்கியும் வைத்துவிட்டு, பலசரக்குக் கடை நாட்காட்டியின் பழைய தாளைத் திருப்பிப் போட்டு ஒரே கேள்வி கேட்டேன்: வேறொரு குழுவின் கோப்பு உங்கள் கையில் கிடைத்தால், அதைப் பயன்படுத்துவதற்கு முன் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

வந்த பதில்கள் எந்தத் தரத்தின் வரிசையிலும் இல்லை. ஆசிரியர் முதலில் கேட்டது, “எந்த வருடத்துத் தாவரப் பெயர்?” அக்கா, “சந்தேகம் வந்தா யாருக்குப் போன் போடணும்?” தேன் குழுவில் இருந்த பெண், “இதை வெளியாளுக்குக் காட்டலாமா?” செயலாளர், “எங்க ஊர் மேட்டுக்குப் பொருந்துமா, இல்ல ஊட்டிக்கு மட்டுமா?” நான் கேட்டது, “இது நிஜமாகவே தர்க்கம் செய்யக்கூடியதா, வெறும் சொற்பட்டியலா?”

பிறகுதான் ஒவ்வொரு கேள்விக்கும் ஏற்கெனவே இருக்கும் தரங்களில் எந்தப் புலம் பதில் சொல்கிறது என்று தேடினேன். வேலை தலைகீழானது, அப்போதுதான் அது நகர்ந்தது.

ஆசிரியரின் கேள்வி கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் இதைப் பாருங்கள். 2005இல் வியன்னாவில் நடந்த தாவரவியல் மாநாட்டில், அகேசியா என்ற பேரினப் பெயர் ஆஸ்திரேலிய இனங்களோடு நிற்கும் என்று முடிவானது. நம் கருவேலம் அதிலிருந்து பிரிந்து வாசெல்லியா ஆனது. ஆஸ்திரேலியாவிலிருந்து நம் மலைக்கு வந்து புல்வெளியை மூடிக்கொண்ட வாட்டில்தான் இன்றும் அகேசியா. ஆசிரியரிடம் இருந்த பழைய பதிப்பில் கருவேலமும் வாட்டிலும் ஒரே பேரினம். புதிய பதிப்பில் வேறு வேறு. இரண்டு பதிப்பிலும் ‘அகேசியா’ என்ற வகுப்புக்கு ஒரே முகவரி. வெளியிலிருந்து அந்த முகவரியைச் சுட்டியவர் எந்த அகேசியாவைச் சுட்டினார் என்று சொல்லவே முடியாது.

இதற்கு, ஆன்டாலஜிகளை எழுதும் மொழியான ஆவுல் 2இலேயே வழி இருக்கிறது. ஆன்டாலஜிக்கு மாறாத ஒரு முகவரி, ஒவ்வொரு பதிப்புக்கும் ‘வெர்ஷன் ஐஆர்ஐ’ என்று தனி முகவரி, முந்தைய பதிப்பு எது என்று சொல்ல ஒரு புலம். இதெல்லாம் 2009 முதல் தரத்தில் இருக்கிறது, எங்கள் ஏழு கோப்புகளில் ஒன்றுதான் பயன்படுத்தியிருந்தது. முகவரியைக் கேட்டால் இன்னொன்று வெளியே வந்தது. இரண்டு கோப்புகளின் முகவரி ‘அன்டைட்டில்ட் ஆன்டாலஜி’ என்று முடிந்து, பின்னால் ஓர் எண்ணோடு இருந்தது. ப்ரோட்டஜே புதுக் கோப்பைத் திறக்கும்போது தானாகப் போட்டுத் தரும் பெயர் அது. யாரும் மாற்றவில்லை. ஒன்று 12, இன்னொன்று 31. பெயரில்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிற மாதிரி. நிரந்தர இணைய முகவரி தரும் டபிள்யூ3ஐடி சேவையில் எங்களுக்கென்று ஒரு பாதை வாங்கினோம். கிட்ஹப்பில் ஒரு சின்னக் கோப்பை அனுப்பினால் அவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள். நாளை சர்வர் மாறினாலும் அந்த ஒரு கோப்பில் திசையை மாற்றினால் போதும், முகவரி அப்படியே நிற்கும்.

என் கேள்விக்கும் ஓர் அனுபவம் காரணம். ஊர்ப்பெயர்க் கோப்பு ஸ்காஸில் எழுதியது. ஸ்காஸ் சொற்களஞ்சியங்களுக்கானது. அதில் ‘குன்னூர்’ என்பதற்கு மேலே ‘நீலகிரி’ என்று ‘பிராடர்’ (இதைவிட விரிந்தது) உறவு போட்டிருந்தார்கள், ஸ்காஸில் அது முற்றிலும் சரி. முன்பு ஒருவர் அதை ஆவுலுக்கு மாற்றும்போது ‘பிராடர்’ எல்லாவற்றையும் உள்வகுப்பு உறவு என்று மாற்றிவிட்டார். விளைவு, குன்னூர் என்பது நீலகிரியில் ஒரு வகை, யானையில் ஆசிய யானை ஒரு வகை என்பது போல. ஆகவே ஸ்காஸா ஆவுலா, ஆவுல் என்றால் எந்தப் பிரிவு என்பதைக் கட்டாயப் புலமாக வைத்தோம். இதற்கு மாட் தரும் புலத்தை எடுத்துக்கொண்டோம். டப்ளின் கோரிலோ டிகேட்டிலோ இதற்கு நேரான புலம் இல்லை, எந்தத் தரத்தைப் பின்பற்றுகிறது என்று சொல்லும் ‘கன்ஃபார்ம்ஸ் டு’ என்ற பொதுப் புலம்தான் உண்டு.

எலும்புக்கூடு டிகேட்

முழுப் பதிவேட்டுக்கும் சட்டமாக டிகேட் 3ஐ எடுத்தோம். அது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2024இல் வெளியிட்ட பரிந்துரை. முதல் பதிப்பு 2014. எனக்கு அதில் பிடித்தது அது வைத்திருக்கும் மூன்று தட்டு.

ஒன்று, பொருள்: ஆன்டாலஜி என்ற கருத்தளவிலான ஆக்கம். இரண்டு, வினியோகம்: அதை இறக்கிக்கொள்ளும் கோப்பு. எங்கள் பட்டியலில் ஏழு என்று சொன்னேனே, முதலில் ஒன்பது இருந்தன. ஒரே தேயிலை நோய் ஆன்டாலஜி டர்ட்டில் வடிவில் ஒரு கோப்பு, எக்ஸ்எம்எல் வடிவில் ஒரு கோப்பு, சோற்றை இலையில் போட்டாலும் தட்டில் போட்டாலும் அதே சோறு. நாற்றங்கால் கோப்பும் அப்படியே இரண்டாக இருந்தது. வினியோகம் என்ற தட்டு வந்ததும் ஒன்பது ஏழானது. உரிமத்தையும் டிகேட் வினியோகத்தில் வைக்கச் சொல்கிறது. நாங்கள் இரண்டு இடத்திலும் வைத்தோம், ஏனென்றால் எங்கள் ஆட்கள் முதல் பக்கத்தில்தான் தேடுவார்கள்.

மூன்றாவது தட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘கேட்டலாக் ரெக்கார்டு’, அதாவது பதிவைப் பற்றிய பதிவு. ஆன்டாலஜியைத் திருத்திய நாள் வேறு, பதிவேட்டில் அதன் விவரத்தை நான் திருத்திய நாள் வேறு. எழுத்துப் பிழையைத் திருத்த நான் ஒரு வரி மாற்றினால், ஆன்டாலஜியே புதுப்பிக்கப்பட்டது போலத் தெரியக் கூடாது. எக்செல்லில் தேயிலைக் குழு எழுதிய ‘அனுப்பிய நாள்’ கடைசியில் இந்த இடத்தில் உட்கார்ந்தது. அதுவும் வீணாகவில்லை.

மற்றவை சுருக்கமாக. நேம்ஸ்பேஸ் சுருக்கத்துக்கு, அதாவது நீண்ட முகவரிக்குப் பதில் எழுதும் குறும்பெயருக்கு, வான் என்ற சொற்தொகுப்பு. எங்கிருந்து பெறப்பட்டது என்பதற்கு ப்ரோவ் தொகுப்பிலிருந்து ஒரே ஓர் உறவு. எந்தெந்த ஆன்டாலஜியை உள்ளே இழுக்கிறது, எத்தனை வகுப்பு, எத்தனை உறவு என்பதையெல்லாம் ஸ்கிரிப்ட் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, யாரிடமும் கேட்பதில்லை.

கற்பூர மரத்துக்கான புலத்தை ரொம்ப நேரம் தேடினேன். டிகேட்டில் இடத்தைக் குறிக்கும் ‘ஸ்பேஷியல்’ உண்டு, அதில் நீலகிரி என்று போட்டுவிடலாம். ஆனால் மாணவர்களும் நீலகிரியில்தான் இருக்கிறார்கள், அவர்கள் எடுத்த பெயர்தான் சமவெளிப் பெயர். இடம் போதவில்லை, விளக்கம் வேண்டும். ஸ்காஸின் ‘ஸ்கோப் நோட்’ புலத்தை எந்தப் பொருளுக்கும் வைக்கலாம். அதை எடுத்து, இரண்டு வாக்கியம் கட்டாயம் என்று வைத்தோம். முதல் வாக்கியம், இதில் என்ன இருக்கிறது, யார் பேச்சில். இரண்டாவது, எது இதில் இல்லை. நாற்றங்கால் கோப்புக்கு அக்கா சொல்லி எழுதியது இது: “கோத்தகிரி வட்டாரத்தில் நாற்று கேட்டு வருபவர்கள் சொல்லும் பெயர்கள், கற்பூர மரம் என்றால் யூகலிப்டஸ். மருந்துக் கடைப் பெயர்கள் இதில் இல்லை.” இதைவிடத் தெளிவாக எந்தத் தரமும் சொல்லியிருக்காது.

மொழிக் குறி

இது எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி. ஏழு கோப்புகளில் தமிழ், ஆங்கிலம் தவிரப் படுகு, இருளர் மொழிப் பெயர்களும் இருந்தன. கொஞ்சம் கோத்தர், தோடர் சொற்களும். ஒரு கோப்பில் படுகுப் பெயர்களுக்கெல்லாம் கன்னடக் குறி போட்டிருந்தது, பயன்படுத்திய கருவியின் பட்டியலில் படுகு இல்லாததால். இன்னொன்றில் அதே சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தமிழ்க் குறி போட்டிருந்தார்கள். தமிழில் தேடினால் படுகுச் சொற்கள் தமிழ்ச் சொற்களாக வந்து நிற்கும். படுகு பேசும் ஒரு மாணவி இதைப் பார்த்துவிட்டு, “அண்ணா, எங்க பேச்சு இதுல எங்கேயும் இல்லையே” என்றாள். சொற்கள் இருந்தன, பேச்சின் பெயர்தான் இல்லை.

டிகேட் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் மொழி முகவரிகளைப் பயன்படுத்தச் சொல்கிறது. ஐஎஸ்ஓ 639-1இன் இரண்டெழுத்துக் குறி இருந்தால் அது, இல்லாவிட்டால் 639-2இன் மூன்றெழுத்துக் குறி. தமிழுக்கு ‘டிஏ’ இருக்கிறது, பிரச்சினை இல்லை. ஆனால் 639-2இல் படுகு, இருளர், கோத்தர், தோடர் மொழி எதற்கும் தனிக் குறி இல்லை. ‘திராவிட மொழிகள்’ என்ற பொதுக் குறிதான் உண்டு. பரிந்துரையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் நான்கு மொழிகளும் ஒரே மூட்டையாகிவிடும். 639-3இல் நான்குக்கும் தனித்தனிக் குறி இருக்கிறது: படுகுக்கு பிஎஃப்க்யூ, இருளர் மொழிக்கு ஐஆர்யூ, கோத்தர் மொழிக்கு கேஎஃப்இ, தோடர் மொழிக்கு டிசிஎக்ஸ். சொற்களோடு ஒட்டும் மொழிக் குறிகளில் இவற்றையே போட இணைய வழக்கு அனுமதிக்கிறது. எந்த எழுத்தில் எழுதியது என்றும் சேர்க்கலாம். ஆகவே தமிழ் எழுத்தில் எழுதிய படுகுச் சொல்லுக்கு, படுகுக் குறியோடு தமிழ் எழுத்துக் குறி ஒரு கோடு போட்டு ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஓர் இடத்தில் தரத்தை மீறினோம், அதைப் பதிவேட்டின் முகப்பில் காரணத்தோடு எழுதியும் வைத்தோம். மாணவியே உட்கார்ந்து இரண்டு கோப்புகளிலும் குறிகளை மாற்றினாள்.

தேன் கோப்பு

தேன் கோப்பில் மலைத்தேன், அடுக்குத்தேன், கொம்புத்தேன், கொசுத்தேன் என்று தேனீ வகைகள், அவை கட்டும் இடங்கள், பூக்கும் காலங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. கூடவே எந்தப் பாறையில் எந்தக் குடும்பம் தேன் எடுக்கும் என்பதும், பாறைகளின் பெயர்களும் இருந்தன. அந்தப் பெயர்கள் வெளியே போக வேண்டாம் என்று குடும்பங்கள் சொல்லியிருந்தார்கள். ஆன்டாலஜியை எழுதியவர்களுக்கு அது தெரியும், கோப்புக்குத் தெரியாது.

முதலில், அப்படியானால் அந்தக் கோப்பைப் பதிவேட்டில் ஏற்றவே வேண்டாம் என்று நினைத்தேன். தேன் குழுப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. “எங்ககிட்ட இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியட்டும். கேட்டு வரட்டும். குடுக்கிறதா வேண்டாமான்னு அவங்க சொல்லுவாங்க” என்றார். சரி, பதிவு வேறு, கோப்பு வேறு என்று டிகேட் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறதே. ஆன்டாலஜியின் பதிவு எல்லோருக்கும் தெரியும், வினியோகம் மட்டும் இல்லை. டெர்ம்ஸின் ‘அணுகல் உரிமை’ புலத்தில் கட்டுப்பாடு உண்டு என்ற குறிப்பு. ‘உரிமை உடையவர்’ புலத்தில் குழுவின் பெயர் இல்லை, தேன் எடுக்கும் குடும்பங்களின் கூட்டு என்று இருக்கிறது. பழங்குடித் தரவுகளுக்காக 2019இல் வெளிவந்த கேர் கொள்கைகளும் இதைத்தான் வலியுறுத்துகின்றன: தரவின் மீது முடிவெடுக்கும் அதிகாரம் அந்த மக்களிடம் இருக்க வேண்டும். அந்த ஒரு புலத்தை நிரப்ப மூன்று முறை கீழே போய்ப் பேச வேண்டியிருந்தது. போனது சரியான வேலை. பாறைப் பெயர்களை நீக்கிய ஒரு பொதுப் பதிப்பு பின்னால் வந்தது, அது மூலத்திலிருந்து பெறப்பட்டது என்று ப்ரோவ் உறவு சொல்கிறது.

சரிபார்ப்பு

கடைசியாகக் கட்டாயப் புலங்கள் ஒன்பதில் நின்றோம். தலைப்பு, எல்லைக் குறிப்பு, உருவாக்கியவர், தொடர்பு முகவரி, உரிமம், பதிப்பு, ஸ்காஸா ஆவுலா என்பது, பெயர்களின் மொழிகள், நிரந்தர முகவரி. மற்றதெல்லாம் விருப்பம். ஒன்பதையும், தரவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க உதவும் ஷேக்கிள் மொழியில் விதிகளாக எழுதினேன். ஒவ்வொரு பதிவும் ஒரு டர்ட்டில் கோப்பு, கிட் களஞ்சியத்தில் சேர்த்ததும் பைஷேக்கிள் என்ற சரிபார்ப்புக் கருவி ஓடி என்ன குறை என்று சொல்லும்.

முதல் ஓட்டத்தில் ஏழும் விழுந்தன. உரிமத்தில்தான் பெரும்பாலும். “இலவசம்” என்று ஒன்று, “எல்லோரும் பயன்படுத்தலாம்” என்று ஒன்று, காலியாக மூன்று. விதி கேட்டது ஓர் உரிமத்தின் முகவரியை. இலவசம் என்றால் மாற்றி எழுதலாமா, பெயர் சொல்ல வேண்டுமா என்று ஒவ்வொருவரிடமும் பேசினோம். பெரும்பாலோர் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 எடுத்தார்கள். பெயரும் உரிமத்தின் இணைப்பும் கொடுத்து, மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்லிவிட்டு யாரும் பயன்படுத்தலாம்.

படுகுக் குறி போட்ட இரண்டு கோப்புகளும் தலைப்பில் விழுந்தன. அது என் தவறு. தலைப்பின் மொழி தமிழ் அல்லது ஆங்கிலம் என்று விதியில் இரண்டை மட்டும் எழுதியிருந்தேன். அவ்வளவு பேசிவிட்டு, விதியில் நானே அந்த மொழியை வெளியே நிறுத்தியிருந்தேன். பட்டியலில் நான்கு குறிகளையும் சேர்த்தேன். படுகுக் குறியை அனுமதித்தால் அதோடு எழுத்துக் குறி ஒட்டியிருப்பதையும் ஷேக்கிள் ஏற்றுக்கொள்ளும், தனியாக எழுத வேண்டாம். மூன்றாவது ஓட்டத்தில் ஏழும் தேறின. இணைப்பு ஸ்கிரிப்டையும் மாற்றினேன். இரண்டு வகுப்புகளின் பெயர் ஒன்றாக இருந்தால் இப்போது அது சமம் என்று எழுதுவதில்லை. இரண்டு எல்லைக் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, ஆளைக் கேட்கிறது.

போன வாரம் எட்டாவது கோப்பு வந்தது, பழனி மலையிலிருந்து. கொடைக்கானலில் சோலை மரங்களை நட்டு வளர்க்கும் ஒரு நண்பர் அனுப்பினார். உரிமம் இருந்தது, பதிப்பு இருந்தது, முகவரிகூட ஒழுங்காக இருந்தது. எல்லைக் குறிப்பு மட்டும் காலி. ஸ்கிரிப்ட் ‘கற்பூர மரம்’ என்ற பெயரை எடுத்து நீட்டியது.

போன் செய்து, “உங்க மலையில கற்பூர மரம்னா எதுங்க?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. “நான் புத்தகத்துல பார்த்து எழுதிட்டேன்” என்றார். “பூம்பாறைக்குப் பூண்டு எடுக்கிற இடத்துக்குப் போறேன், அங்க பெரியவங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்றேன். சனிக்கிழமை வரைக்கும் அப்படியே வெச்சிருங்க.”

எட்டாவது பதிவு இப்போது ‘வரைவு’ என்ற நிலையில் இருக்கிறது. எட்டுப் புலம் நிரம்பியிருக்கிறது, ஒன்று காலி.